தண்டனைப் பெட்டியில் வெண்டல்

எங்கள் ஊர் பனி ஹாக்கி அணிக்குப் ‘பேரரசர்கள்’ என்று பெயர் வைத்தவர் அதன் முதலாளி, மெத்தைக்கடை பிராக். அக்டோபரில் மேடையேறி, இன்னும் நூறு வருடம் உலகம் இந்த அணியைப் பற்றித்தான் பேசும் என்றார். பிப்ரவரியில் அதே மேடையேறி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தோடு அணியின் கடையைக் கட்டுகிறோம் என்றார். இரண்டு முறையும் அதே கோட்டு, அதே கம்பீரம்.

அதனால் வெண்டல் ப்ரூடோமுக்கு மிஞ்சியது அந்த ஒரு பிற்பகல்தான். சின்னச் சின்ன அணிகளில் அடிதடிக்கென்றே வைத்திருந்த ஆள் அவன். எதிராளி நம் பையன்களை இடித்தால், கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்க் குத்துவான். பிறகு அதற்குத் தண்டனையாக, ஆட்டத்தைவிட்டுச் சில நிமிடம் விலகி ஓரத்துத் தண்டனைப் பெட்டியில் வந்து உட்காருவான். இத்தனை வருடத்தில் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. வயதாகிவிட்டது, இனி யாரும் எடுக்கப்போவதில்லை. ஒரே ஒரு கோல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அந்தப் பெட்டியின் கதவைத் திறந்து மூடுகிறவன் நான்.

அன்று பொம்மை எறியும் நாள். உள்ளூர் அணி முதல் கோல் போட்டதும் ஜனங்கள் கரடிப் பொம்மைகளைப் பனித்தரையில் வீசுவார்கள். அவை ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குப் போகும். நல்ல வழக்கம்தான், கோல் போடத் தெரிந்த அணிக்கு.

கடைசிப் பகுதி வந்தும் நாங்கள் பூஜ்யம். கரடியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல ஊரே உட்கார்ந்திருந்தது. அப்போது வெண்டல் மட்டையால் அடித்த ரப்பர் வட்டு கோல் கம்பத்தில் பட்டு ‘டங்’ என்றது. கோல் விழுந்தால் சங்கு ஊதுகிறவன் ஆசையில் ஊதிவிட்டான். கரடிகள் மழையாகக் கொட்டின. வெண்டல் இரண்டு கையையும் தூக்கினான்.

நடுவர் கோல் இல்லை என்றார். போதாததற்கு, ஆட்டத்தைத் தடை செய்ததாக எங்களுக்கு இரண்டு நிமிடத் தண்டனை. யாராவது ஒருவர் பெட்டியில் உட்கார்ந்தாக வேண்டும். பயிற்சியாளர் யோசிக்கவேயில்லை, வெண்டலைக் கைகாட்டினார். பொம்மை பொறுக்க பிராக்கே இறங்கி, கம்பீரம் குறையாமல் வழுக்கி விழுந்தார்.

“யோவ் லாய்ட், கரடி எறிஞ்சதுக்கும் நான்தான் உக்காரணுமா?” என்றான் வெண்டல் என்னிடம்.

“உன் உடம்புக்குத்தான் இந்த பெஞ்சு பழகியிருக்கு.”

சிரித்தான். பிறகு கையுறையைப் பார்த்துக்கொண்டே, “கையத் தூக்கிட்டேன்யா. எல்லாரும் பாத்தாங்க” என்றான்.

“ஒத்திகைன்னு வச்சுக்கோ.”

நேரம் முடிந்து கதவைத் திறந்தேன். எதிரணி மொத்தமும் எங்கள் கோல் முன்னால் மொய்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து கைதவறி வந்த வட்டு, வெளியே வந்த வெண்டலின் காலடிக்கே வழுக்கி வந்தது. அவனுக்கு முன்னால் கோல்காப்பாளன் மட்டும்தான். பீரோவைத் தள்ளுகிற வேகத்தில் போனான். பலமாகத்தான் ஓங்கினான், அடி சரியாக விழவில்லை. குண்டு மாதிரி வருமென்று காப்பாளன் முன்கூட்டியே பாய்ந்துவிட, வட்டு அவன் காலுக்கிடையில் மெதுவாக ஊர்ந்து கோட்டைத் தாண்டியது.

நடுவர் கையை நீட்டிக் காட்டும்வரை சங்கு ஊதவில்லை. வீச யாரிடமும் பொம்மை இல்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

வெண்டல் இந்த முறை கையைத் தூக்கவில்லை. கட்டியணைக்க வந்த பையன்களைத் தாண்டி நேராக என்னிடம் வந்தான். திறந்துவிட்டேன்.

“இப்ப உனக்குத் தண்டனை இல்லடா.”

“தெரியும். கதவ மூடு.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நான் கதவை மூடினேன். நடுவர் எங்களைப் பார்த்தார்; பிறகு குனிந்து, அவிழாத தன் காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.