கட்டிச் சர்க்கரையா, பாகா?

அந்த ஹோட்டலின் இரண்டாம் மாடி பாரில் பன்னிரண்டு வருடமாகக் காக்டெய்ல் கலக்குகிறவளை எல்லோரும் மேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அளவுக் குவளை இல்லாமல் ஒரு சொட்டுகூட ஊற்ற மாட்டாள் என்று யாரோ ‘மெஷர்’ என்று கேலி செய்யப்போய், வாய்க்கு வாய் தேய்ந்து அது மேஜராகிவிட்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பல் டாக்டரும், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டனும் வந்து கவுண்டரின் மூலையில் உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் ஓல்ட் ஃபேஷன்ட். அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. விஸ்கி, பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு இரண்டு உதறல், கொஞ்சம் இனிப்பு, ஐஸ், மேலே ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல். அந்தக் கொஞ்சம் இனிப்பில்தான் தகராறு. கட்டிச் சர்க்கரையைக் குவளையில் போட்டு நசுக்கிக் கரைப்பதுதான் முறை என்பார் பல் டாக்டர். ஊரார் பல்லையெல்லாம் சர்க்கரையிடமிருந்து காப்பாற்றுகிற மனிதர் இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கேப்டனுக்குச் சர்க்கரைப் பாகுதான் சரி. கரையாத சர்க்கரை நாக்கில் மணல் மாதிரி நெறநெறக்கிறது, மணல் திட்டைக் கப்பலிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று என்பார்.

மேஜர் டாக்டர் கட்சி. பாகு போட்டால் இனிப்பு முகத்தில் அடிக்கும்; கட்டி போட்டால் முனை மழுங்கி, மெல்ல வந்து, மெல்லப் போகும் என்பது அவள் கணிப்பு. இதுவரை அது வெறும் வாய்ச்சண்டைதான். ஆனால் அந்த மாதம் புது மெனு அட்டை அச்சுக்குப் போகவிருந்தது. இனி எல்லாவற்றுக்கும் பாகுதான், வேலை சீக்கிரம் முடியும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மேஜர் ஒற்றைக்காலில் நின்றாள். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் எது எதுவென்று சொல்லிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியும் விட்டாள்.

அன்று பார்த்து அவளுடைய நாத்தனார் அங்கே இருந்தாள். கணவரின் தங்கை, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஜன்னல் திரைத்துணி வாங்க இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. மதுவைத் தொடாதவள் என்பதால் எலுமிச்சைச் சோடாவை உறிஞ்சிக்கொண்டு, அண்ணியின் வேலை முடியக் காத்திருந்தாள். சும்மா இருந்திருக்கலாம்.

“கண்ணைக் கட்டினாலும் சொல்லிடுவேன்னு எப்படி அண்ணி தெரியும்?”

“எத்தனை வருஷமா ருசி பாக்கறேன். தெரியாதா?”

“எது எதுன்னு தெரிஞ்சுதானே பாத்தீங்க? தெரியாம எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

கேலியாகக் கேட்டிருந்தால் மேஜர் ஒரு பதிலடி கொடுத்திருப்பாள். அந்தப் பெண் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒரு கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று கேட்கிற அதே முகம். மேஜர் யோசித்துப் பார்த்தாள். தெரியாமல் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பார் திறப்பதற்கு முன்னால், சோதனை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. நாத்தனார் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழலும் சின்னத் தராசும் எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று மூன்று கோப்பையாகத் தருவது, மூன்றில் இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு சுற்று. விழுங்காமல் துப்பிவிட வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்காதபடி மூடி போட்ட காபிக் கோப்பைகள். கலக்கும் பொறுப்பு பாரின் இன்னொரு கலவைக்காரரிடம் போயிற்று. ஐம்பது வயது மனிதர். நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாததால் மௌனம் என்று பெயர். அவர் உள்ளே சமையலறையில் நின்று, தினமும் செய்கிறபடியே கட்டியில் பாதி, பாகில் பாதி செய்து அனுப்பினார்.

மேஜர் ஆறில் ஆறும் சரியாகச் சொன்னாள். டாக்டருக்கு ஐந்து. கேப்டனுக்கே நாலு. டாக்டர் எழுந்து நின்று மேஜருக்குக் கைகொடுத்தார். எட்டிப் பார்க்க வந்த மேனேஜர், அப்படியானால் அட்டையில் கட்டியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். மேஜருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எல்லோருக்கும் காபி சொன்னாள்.

நாத்தனார் மட்டும் யாரும் வாய் வைக்காமல் மிச்சமிருந்த கோப்பைகளை எடுத்து, ஐஸை வடித்து, ஒவ்வொன்றாகக் குழலில் ஊற்றி அளந்துகொண்டிருந்தாள்.

“அண்ணி, கட்டி போட்டதுல எல்லாத்துலயும் பத்துப் பதினொரு மில்லி அதிகமா இருக்கு.”

“அதனால?”

“அவர் செய்யறதை உள்ளே நின்னு பாத்தேன். கட்டியைக் கரைக்க ஒரு ஸ்பூன் தண்ணி விடறார். அப்புறம் ரொம்ப நேரம் கிண்டறார், அதுல ஐஸ் வேற கரையுது. நீங்க கண்டுபிடிச்சது சர்க்கரையைத்தானா?”

மேஜருக்குச் சுருக்கென்றது. “ஜெயிச்ச பிறகும் எதுக்கும்மா நோண்டறே?”

நாத்தனார் குழலைக் கீழே வைத்துவிட்டாள். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னாள். கேப்டன் தன் காபியை அக்கறையாகக் கலக்கினார். அப்போது, காபிக்காக வெளியே வந்திருந்த மௌனம், அன்றைய கணக்கில் முதல் வார்த்தையாக, “செஞ்சு பாத்துடலாமே” என்றார்.

இரண்டாம் சோதனையில் இனிப்பு இரண்டிலும் நாலு கிராம் என்று தராசில் நிறுத்தாயிற்று. கட்டியை முழுசாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, பாகு போட்டதில் தண்ணீர் சேர்த்து, இரண்டும் குழலில் ஒரே கோட்டில் நிற்கும்படி செய்தார்கள். குளிர்ச்சியும் ஒன்றுதான். மறுபடி ஆறு சுற்று.

முதல் மூன்று கோப்பையையும் மேஜர் மாற்றி மாற்றி இரண்டு தரம் வாயில் வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. மூன்றும் முனை மழுங்கி, மெல்ல வந்து, மெல்லப் போயின. தோராயமாக ஒன்றைக் காட்டினாள். ஆறில் இரண்டுதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலே அத்தனை வரும் என்று நாத்தனார் சொல்லவில்லை. மேஜர் கேட்ட பிறகுதான் சொன்னாள். டாக்டருக்கும் இரண்டு. கேப்டனுக்கு ஒன்று. டாக்டர், காபி குடித்ததால் நாக்கு மரத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நோயாளி காத்திருப்பதாகக் கிளம்பினார்.

வீட்டுக்குப் போன மேஜர் இரண்டு நாள் நாத்தனாரின் போனை எடுக்கவில்லை. அண்ணனும் தங்கையும் போனில் ஏதோ கிசுகிசுத்தார்கள். திரைத்துணி கடையிலேயே கிடந்தது. கோபம் யார் மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை. தோற்றது பெரிதாக வலிக்கவில்லை. அத்தனை வருடம் தன் நாக்கு சொன்னது பொய்யா என்பதுதான் அரித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பார் காலியாக இருந்தபோது, பாகு போட்டு ஒரு கோப்பை கலக்கினாள். ருசி பார்த்தாள். இனிப்பு பழையபடி முகத்தில் அடித்தது. ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். கொஞ்சம் அடங்கியது. இன்னொரு ஸ்பூன் விட்டாள். அதோ வந்துவிட்டது, அவளுக்குப் பிடித்த அந்த ருசி, அச்சு அசலாக. மூன்றாவது ஸ்பூனில் சப்பென்று போயிற்று. மேஜர் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றாள். நாக்கு பொய் சொல்லவில்லை. பெயரைத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறது. ஒரு சொட்டு விஸ்கியைக்கூட அளக்காமல் ஊற்றாதவள், தண்ணீரை ஒரு நாளும் அளந்ததில்லை. அது ஒரு சரக்கு என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அன்றே மேனேஜரிடம் போய், கட்டியும் பாகும் ஒன்றுதான், நான் சொன்னது தப்பு என்றாள். ஜெயித்தவளே வந்து இப்படிச் சொல்வதை அவரால் நம்ப முடியவில்லை. பாகே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அட்டையில் விஸ்கி, பிட்டர்ஸ், சர்க்கரை, ஆரஞ்சுத் தோல் என்பதோடு தண்ணீர் என்றும் போட வேண்டும் என்றாள். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தண்ணின்னு போட்டா, கலப்படம் பண்றோம்னு நினைக்க மாட்டாங்களா?”

“கலக்கறதுதானே சார் நம்ம வேலை.”

அவர் சிரித்துவிட்டார். கடைசி வரியில், சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்.

வெளியே வந்ததும் மேஜர் நாத்தனாருக்குப் போன் போட்டாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஸ்பூன் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து, பத்து மில்லி, சரியா வருதே அண்ணி என்று சந்தோஷக் குரல் வந்தது. அப்படியே, புளிப்புக் காக்டெய்லில் முட்டை வெள்ளை போடுகிறோமே, அது ருசிக்கா நுரைக்கா என்று தனக்கு ஒரு சந்தேகம் இருப்பதாக மேஜர் இழுத்தாள். அடுத்த திங்கள் லீவு கிடைக்குமா என்று பார்க்கிறேன் என்றாள் நாத்தனார்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். மேஜர் ஒன்றையும் ஒளிக்காமல் இரண்டு ஸ்பூன் கதையைச் சொல்லி, பாகும் தண்ணீரும் போட்டு ஒரு குவளை கலந்து வைத்தாள். அவர் குடித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, வித்தியாசமே இல்லை என்று ஒத்துக்கொண்டார். கேப்டன் கவுண்டரைத் தட்டிக் கொண்டாடினார். டாக்டர் குவளையைக் காலி செய்துவிட்டு, அடுத்தது கட்டி போட்டே கொடுங்கள் என்றார்.

“ஏன் டாக்டர்?”

“நீங்க அதை நசுக்கற ஒண்ணரை நிமிஷத்துலதான் நாம பேசறோம். பாகுன்னா டக்குனு வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிடறீங்க.”

மேஜர் ஒரு கட்டியை எடுத்துக் குவளையில் போட்டாள். தண்ணீரை இரண்டு ஸ்பூன் அளந்து விட்டாள். நசுக்க ஆரம்பித்தபடியே, திங்கட்கிழமை காத்திருந்த அந்த நோயாளிக்குக் கடைசியில் பல்லைப் பிடுங்கினீர்களா என்று கேட்டாள்.