நான்கு விரற்கடை

சந்துக்குள் எதிரெதிரே நிற்கும் இரண்டு கார்களின் இன்ஜின்களும் ஆறு ஆண்டுகளாகப் பெட்ரோல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெள்ளைக் காரில் ஜவுளிக்கடைக்காரர், நீலக் காரில் பல் டாக்டர். இருவருக்கும் பசிப்பதில்லை, தாடி வளர்வதில்லை, கார்க் கதவு திறப்பதில்லை. ஜன்னல் இறங்கும். டாக்டர் அதன் வழியாகவே பல் பிடுங்குகிறார்.

சந்தின் வழக்கப்படி, விளக்குக் கம்பத்திலிருந்து யார் தள்ளி நிற்கிறாரோ அவர்தான் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அன்று இருவரும் ஒரே தூரத்தில் நிற்பதுபோலத் தெரிந்தது. வெள்ளைக் காருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ். அதற்குள் நகராட்சி சர்வேயர் ஒருவரின் மனைவி, பிரசவம் சிக்கலாகி, ரத்தம் நிற்காமல். அதற்கும் பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டன. சுவரோரம் ஸ்ட்ரெச்சர் நுழைய இடமில்லை. சர்வேயர் இறங்கிப்போய் இரண்டு ஜன்னல்களிலும் கும்பிட்டார். டாக்டரை எடுக்கச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். "நான் ஏன் எடுக்கணும்? அந்த ஆளுக்குக் கண்ணு இல்லையா?" என்றார் டாக்டர். நாற்பது நிமிடத்தில் அவள் இறந்தாள், குழந்தையும்.

அதன்பின் அந்தக் கார்களில் ரிவர்ஸைத் தவிர வேறு கியர் விழவில்லை. அதைப் போட இருவருக்கும் மனமில்லை. கிரேன் வந்து கம்பி அறுந்தது. செய்தித்தாள் இழுபறி என்றது, போலீஸ் முட்டுக்கட்டை என்றது, நகராட்சி தேக்கநிலை என்று எழுதியது. மூன்றிலும் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

பதினெட்டாம் நாள் சர்வேயர் டேப்போடு வந்து அளந்தார். வெள்ளைக் கார் நான்கு விரற்கடை தள்ளி நின்றது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நியாயம் உங்கள் பக்கம்தான் என்று கடைக்காரரிடம் சொன்னார். அதையே டாக்டரிடமும் சொன்னார். பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் வந்து அளந்து, அதையே சொல்லிவிட்டு அலுவலகம் போனார்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, சர்வேயர் அளந்துகொண்டிருக்கையில், கடைக்காரரின் மனைவி, மகளுக்குக் குழந்தை பிறந்த படத்தை ஜன்னலில் காட்டினாள். அவர் வெகுநேரம் அழுதார். கை கியருக்குப் போனது.

"போதும் தம்பி. நானே பின்னாடி எடுத்துடறேன்."

சர்வேயர் படத்தை வாங்கிப் பார்த்தார். தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுத்தார்.

"எடுங்க சார். டாக்டர் அப்பவே சொன்னாரு, நீங்கதான் முதல்ல எடுப்பீங்கன்னு. துணி மடிக்கிற ஆளுக்கு முதுகு தானா வளையுமாம்."

கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது.

மறுவாரம் நகராட்சி இரண்டு கார்களுக்கும் கதவு எண் கொடுத்தது. புதிய வரைபடத்தைச் சர்வேயரே வரைந்தார். அதில் சந்து அந்த இடத்தோடு முடிகிறது.