முக்காலியில் பத்து நிமிடம்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலைக் காய்ச்சி அத்தைக்கு ஒரு டம்ளர் ஊற்றி மூடி வைத்தேன். கருவிப் பையைத் திறந்து டார்ச், மீட்டர், கதவுச் சாவி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். பிறகு சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, முட்டை வேகவைக்கும் டைமரைப் பத்து நிமிடத்துக்குத் திருகினேன்.

முக்காலி என் மனைவியுடையது. டைமரும்தான். தினமும் பத்து நிமிடம் கடவுளோடு உட்காருவாள்.

"அப்படி என்னதான் கேப்பே அவர்கிட்ட?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். சும்மா கூட இருப்பேன்."

"சும்மா இருக்கறதுக்கு டைமர் எதுக்கு?"

"அவருக்கு நேரம் காலம் கிடையாது. எனக்கு உங்க டிபன் டப்பா இருக்கே."

நான் லிப்ட் பழுது பார்ப்பவன். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் போனில் முதலில் கேட்பது என் குரல். பொத்தானை அழுத்தாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, தரையில உக்காருங்க, வந்துட்டே இருக்கேன். அவள் சிரிப்பாள். "ஊரையே உக்கார வைக்கிறீங்க. நீங்க ஒரு நாள் உக்காந்து பாருங்களேன்."

ஏழு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். நான்கு நிமிடத்தைத் தாண்டியதில்லை. கண்ணை மூடியதும் போன் அடிக்கும். அடிக்காவிட்டால், எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

இன்று போனை அணைத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் முதல் முறை. அவள் கடவுளிடம்தான் போயிருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது தெரிய வேண்டும். கேட்க வேறு இடம் தெரியவில்லை.

நான்கு நிமிடம் தாண்டியது. ஐந்து. பிரிட்ஜின் உறுமல் நின்றது. எங்கோ நாற்காலியை இழுக்கும் சத்தம், அதுவும் அடங்கியது. ஆறு.

அத்தை வந்து நின்றார். கையில் அவருடைய போன்.

"மாப்ள, உங்க ஆபீஸு. உங்க போன் கிடைக்கலையாம். ஒன்பதாவது மாடியில யாரோ பொண்ணாம்..."

வாங்கினேன். இணைப்பைக் கொடுத்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். தரையில் உட்காரச் சொன்னேன். வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னேன். டைமரில் மூன்றரை நிமிடம் மீதி.

நான் ஷூ லேஸ் கட்டும்போது அத்தை டைமரைத் திருகி நிறுத்தினார்.

"பாதியில எழுந்திருச்சிட்டீங்களே. என் பொண்ணு இடியே விழுந்தாலும் அசைய மாட்டா." சற்றுப் பொறுத்து, "கடைசியாக்கூட சாமி பேரைத்தானே சொன்னா?" என்றார்.

"ஆமா அத்தை."

அது மருத்துவமனை வராந்தாவில் நான் சொன்ன பொய். அத்தை அதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறார். இனி அதை எப்படிப் பிடுங்குவது?

அன்று அவள் படுத்திருந்த கட்டில்மேல் என் போன் அதிர்ந்தது. கவிழ்த்து வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனேன். யாரையோ தரையில் உட்கார வைத்தேன். ஆறு நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே போவதற்கு முன், ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கிக்கொண்டு அவள் சொன்னாள். சாமி பேர் இல்லை.

"எடுங்க, பாவம், யாரோ மாட்டிக்கிட்டிருப்பாங்க. நான் எங்க போயிடப் போறேன்?"