தாமரை மறைத்த முடிச்சு

பாறசாலையில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, கேசட்டை டிஸ்காக மாற்றித் தரத் துணிந்தவன் சோமன் ஆகிய நான்தான். தொண்ணூற்றொன்பதில் கடை வாசலில் போர்டு வைத்ததும், சுற்றுவட்டாரமெல்லாம் பூஞ்சை பிடித்த கல்யாணங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு டிஸ்கில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும். கல்யாணமோ மூன்று மணி நேரம். எதை வெட்டலாம் என்று கேட்கும்போதுதான் மனிதர்களின் குணம் தெரியும். ஒருத்தர் கூச்சமே இல்லாமல் மாமனாரை வெட்டச் சொன்னார்.

பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து வந்த ஜெயச்சந்திரன் அதற்கும் மேலே போனான்.

"சோமண்ணா, தாலி கெட்டுற எடத்த மட்டும் வெட்டிரணும்."

"எலே, தாலி கெட்டு இல்லேண்ணா அது கல்யாணமா? வெறும் சாப்பாடாக்கும்."

அவன் சிரிக்கவில்லை. புது வீடு கட்டியிருக்கிறான். அடுத்த வாரம் பால்காய்ச்சு. கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலிச்சரடைக் கழுத்தில் போட, அவன் கூடப்பிறந்தவளான நாத்தூன் பின்னால் நின்று முடிச்சுப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முடிச்சுப் போட்டவள்தான் தம்பியின் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். இவனுக்கோ இரண்டு அக்காமார், விஜயம்மாவும் விமலகுமாரியும். முடிச்சுப் போட்டது நான் நான் என்று கல்யாண நாள் முதல் இருவரும் சாதிக்கிறார்கள். தோற்றவள் புது வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டாளாம். அம்மா செத்தபிறகு அவனைச் சோறூட்டி வளர்த்தவர்கள் அந்த இரண்டு பேரும்தான்.

"ஒருத்தி வராண்டிருந்தா எனக்கு அந்த வீடே வேண்டாம் அண்ணா" என்றான்.

கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். தாலி கட்டும் இடம் வந்ததும் திரை முழுக்க வெள்ளைக் கோடு. அக்காமார் மாறி மாறி அதே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து டேப்பையே தேய்த்துவிட்டார்கள். அப்படிப் பார்த்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. சரடு கழுத்துக்கு வரும் நேரத்தில் ஒரு பெரிய கிராபிக்ஸ் தாமரை விரிந்து எல்லார் கையையும் மூடிவிடும். அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்ததும் நான்தான், அந்தத் தாமரையும் என் கைவண்ணம். அந்தக் காலத்தில் தாமரை விரியாத முகூர்த்தத்தை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் விஜயம்மா ஒரு குப்பி மாங்காய் ஊறுகாயுடன் கடைக்கு வந்தாள். மத்தியானம் விமலகுமாரி பலாச்சக்கை வற்றலுடன் வந்தாள். இரண்டையும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டேன். இருவர் காதிலும் ஒரே விஷயத்தைப் போட்டேன்.

"பூ போடாத ஒரிஜினல் எனக்க கையில உண்டு, அக்கா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அது என் சுபாவம் இல்லை. சாயங்காலம் ஜெயச்சந்திரன் ஓடி வந்தான்.

"எனக்க குடும்பத்துல தீயப் போட்டுட்டீரே ஓய்! பால் காய்ச்சுகதுக்கு மின்ன டிஸ்க பாக்கணும்ணு ரெண்டும் ஒத்தக் காலுல நிக்குதுவ."

அவனை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய் ஒரிஜினலைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். ஸ்பீக்கர் அப்போது வாங்கவில்லை. படம் டிஸ்கில் ஏறினால் சத்தமும் தானாக ஏறும் என்பது என் கணக்கு. தாமரை இல்லாத அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வெளியே வந்து, "பயப்படாத மக்கா. ஒருத்தியும் தோக்க மாட்டா" என்றேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பால்காய்ச்சு அன்று காலையில் டிஸ்குடன் போனேன். அக்காமார் ஆளுக்கொரு புது மண்கலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சோபாவின் இரண்டு மூலையில் இருந்தார்கள். ஜெயச்சந்திரனின் மனைவி சுகுமாரி அடுக்களை வாசலில் நின்றாள். டிஸ்க் ஓடத் தொடங்கியது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

திரையில் ஜெயச்சந்திரன் சரடைப் போட்டு இரண்டு நுனியையும் பின்னால் கொண்டுபோனான். நான்கு கைகள் ஒன்றாக நீண்டன. அப்போது டிவியிலிருந்து ஒரு சத்தம்.

"எல்லாரும் லைட்டப் பாருங்க! அக்காமாரே, சிரிங்க!"

என் சத்தம். கல்யாண கேசட்டில் அதன்மேல் நான் பாட்டு போட்டிருந்தேன். ஒரிஜினலில் ஏது பாட்டு?

திரையில் அக்காமார் இருவரும் கேமராவைப் பார்த்துத் திரும்பிப் பல் தெரியச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். சரடு அவன் விரலிலிருந்து நழுவியது. தலை குனிந்திருந்த சுகுமாரி மட்டும் சட்டென்று இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், சரடைப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் நாத்தூன்மார் திரும்பி, ஆளுக்கொரு நுனியைப் பிடித்து இறுக்கினார்கள்.

"எடி விமலே, லைட்டப் பாக்கச் சொன்ன சத்தம் ஆருக்கது?" என்றாள் விஜயம்மா.

"சோமனுக்கதாக்கும் அக்கா."

"இவன் கூப்பிட்டதுனாலல்லா நாம திரும்பினது!"

"எனக்க சக்கை வத்தலும் தின்னுட்டாம்க்கா, களவாணி!"

இத்தனை வருடத்தில் அக்காமார் ஒரே பக்கம் நின்றது அன்றுதான். அதற்கு நான் பலியானதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பெருமையும் உண்டு.

ஜெயச்சந்திரன் என்னைக் காப்பாற்ற வரவில்லை. அவன் சுகுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் பிள்ளே இத்தற நாளும் சொல்லல?"

"ஆரு கேட்டா?" என்றாள் சுகுமாரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் மட்டும் நிறைந்திருந்தது. "மூத்த அக்காவா, எளைய அக்காவாண்ணு ஊரு முழுக்கக் கேட்டிய. கழுத்து எனக்கதுல்லா? எங்கிட்ட ஒருத்தராவது கேட்டியளா?"

ஜெயச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். விஜயம்மா மெல்ல எழுந்து தன் கலத்தைச் சுகுமாரியிடம் நீட்டினாள்.

"இந்தா பிள்ளே, நீயே காய்ச்சு."

"அது வேண்டாம், எனக்க கலத்த எடு!" என்று விமலகுமாரியும் எழுந்தாள்.

சுகுமாரி இரண்டையும் வாங்கவில்லை. உள்ளே போய், தினமும் சாயா போடுகிற அலுமினியப் பாத்திரத்தைக் கழுவி அடுப்பில் வைத்தாள். பால் பொங்கி வழிந்தது. முதல் கிளாஸ் யாருக்கு என்று அக்காமார் இரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகுமாரி அதை ஊதி ஊதி, அடுப்படியில் நின்றபடியே, கடைசிச் சொட்டு வரைக்கும் தானே குடித்தாள்.