ஈலாண்டின் குளம்பு

கொம்பையும் குளம்பையும் பார்த்து இன்ன விலங்கு என்று எழுதிக் கொடுப்பது அருங்காட்சியகத்தில் என் வேலை. அன்று கோர்ட் மேசைமேல் கிடந்த இரட்டைக் குளம்பு, ஈலாண்டு என்கிற பெரிய ஆப்பிரிக்க மானினுடையது. கூண்டில் நின்றவர் என் பெரியப்பா மகன், பர்முவாத் அண்ணன்.

நாங்கள் மாசாய்கள், கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழ்கிறவர்கள். மாடில்லாத நாதியற்றவன்தான் காட்டு மிருகத்தைத் தின்பான் என்பது எங்கள் ஏச்சு. எருமையும் ஈலாண்டும் மட்டும் அதில் சேராது. அவை எங்களுக்கு மாட்டுச் சாதி. வெறும் ஊர்ப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். இரட்டைக் குளம்பு விலங்குகளைப் பன்றி, ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி என்று பிரித்து அடுக்கிய எங்கள் அலமாரியிலும் ஈலாண்டின் மண்டையோடு மாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. பார்வைக்கு மான், உறவுக்கு மாடு. பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் கடைசியில் எங்கள் மேய்ப்பன் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

வறட்சியில் அண்ணனின் மாடுகள் ஒன்று பாக்கியில்லாமல் செத்தன. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தபோது ஒரு ஈலாண்டைக் கொன்றார். தோலை ஒளிக்கவில்லை. மாட்டுத்தோலைப் போல வாசலிலேயே முளையடித்து விரித்துக் காயப்போட்டார். தேடி வந்த வனக்காவலரிடம், "வாங்க தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாராம். திருடனுக்கு இருக்கிற புத்திகூட அவருக்கு இல்லை.

நீதிபதி இரக்கக்காரர். "காட்டு மிருகத்தைக் கொன்னது தப்புன்னு ஒத்துக்கங்க. மூணு மாசத்தோட விட்டுடறேன்."

"நான் தின்னது மாடுங்க. அந்தா நிக்கிறான் பாருங்க, என் தம்பி. படிச்சவன். அவனையே கேளுங்க."

ஊர்ச்சனம் முழுதும் பின்னால் நின்றிருந்தது. நீதிபதி என் பக்கம் திரும்பினார்.

"இது மாடா, காட்டு மிருகமா?"

காட்டு விலங்குதான், ஆனால் மாட்டின் உறவு என்று சொல்லியிருக்கலாம். சட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை; அண்ணனுக்கு அது போதும். ஆனால் முன்வரிசையில் எங்கள் அருங்காட்சியக இயக்குநர் உட்கார்ந்திருந்தார்; அரசுத் தரப்புச் சாட்சி சொந்தக்காரனுக்காக வளைகிறான் என்று பட்டால் வேலை போய்விடும். என் வயிற்றுப்பாடு என் வாயை அடைத்தது.

"காட்டு மிருகம்" என்றேன்.

இரண்டு வருஷம் ஜெயில் என்று தீட்டினார்கள்.

போலீஸ் வண்டியருகே ஓடிப்போய், "அண்ணே, அப்பீல் பண்ணலாம்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஜெயிலு கெடக்குதுடா. நாதியத்தவன்ங்கிற அந்தப் பேரு வேணாம்னுதானே மூணு மாசத்த விட்டுட்டு ரெண்டு வருசம் வாங்கினேன். எம் புள்ளைங்க காட்டு மிருகம் தின்னுச்சுன்னு ஊரு முன்னால சொன்னது அந்த நீதிபதி இல்லடா. நீ."