கே. ஏ. பி. சபாபதி

தன் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது என்ற செய்தியைக் குமுதா பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில், இலையை மடக்குவதற்குள் பார்த்துவிட்டாள். முதல் ஆசிரியர்: கே. ஏ. பி. சபாபதி.

அதில் அவளுடையது ஒரே ஓர் எழுத்து. அடையாள அட்டையில் அவள் ‘குமுதா ஏ/பி சபாபதி’. ஏ/பி என்றால் மலாயில் ‘மகள்’ என்பது இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஐரோப்பாவில் அது வெறும் முன்னெழுத்து; சபாபதி ஒரு விஞ்ஞானி.

சபாபதி லோரி ஓட்டியவர். அவளுக்கு எட்டு வயதானபோது கிள்ளானில் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு போனவர்.

கட்டுரை டோகாமாக் பற்றியது; அது கொதிக்கும் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்துவைக்கும் வளையக் கலம். அந்தப் பிளாஸ்மாவை ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் நிறுத்துவதே வழக்கம். வெப்பம் நன்றாகத் தங்கும். ஆனால் விளிம்பு அடிக்கடி வெடித்துச் சுவரைச் சுடும். அணுப்பிணைவு மின்நிலையம் என்று வந்தால் அந்தச் சுவர் ஆண்டுக்கணக்கில் தாங்கவேண்டும். ‘டி’யைத் திருப்பிப் போட்டால் விளிம்பு அடங்கும். எவ்வளவு திருப்பினால் வெப்பமும் தங்கும் என்று மூன்று ஆண்டுகள் கணித்தவள் குமுதா. அதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஐரோப்பிய ஆய்வுக்கூடம் ஒப்புக்கொண்டது. முதல் ஆசிரியருக்குக் கட்டுப்பாட்டு அறையில் ஓர் இருக்கை. அவள் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

நுழைவு அனுமதியும் ‘திரு. சபாபதி’க்கே வந்தது. கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை, பாதுகாப்புப் பிரிவு மறுத்துவிட்டது.

கட்டுரைக்கும் அனுமதிக்கும் படிவத்தை நிரப்பி அனுப்பியவர் அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் சுகுமாறன். அவர் அறைக்குப் போனாள்.

“சிஸ்டம் குடும்பப் பேரு கேட்டுச்சும்மா. நமக்கு ஏது? அப்பா பேர போட்டேன்.”

“ஏ/பியையும் சேர்த்தா சார்?”

“ஐசி கார்டுல உள்ளத அப்படியே போட்டேன்லா.”

“மாத்தித் தரச் சொல்லுங்க சார்.”

“மூணு வாரம் ஆகும். சோதனை அடுத்த புதன். மெஷின் நமக்காக நிக்குமா? எனக்குப் பாஸ் இருக்கு, நான் போயிட்டு வரேன். உன் வேலைதானே, யாரு உட்கார்ந்தா என்ன?”

மேசைமேல் அவருடைய பயணச்சீட்டு கிடந்தது.

“உங்க ஐசில மகன்னு ஏ/எல் இருக்குமே சார். உங்க பேப்பர்ல எல்லாம் அது வரலயே?”

“அத நான் எப்பவோ எடுத்துட்டேன்லா. ரொம்பத் தொல்லை,” என்று சிரித்தார் சுகுமாறன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கணினிப் பக்கம் திரும்பினார்.

புதன்கிழமை மாலை அவர் ஒரு படம் அனுப்பினார். கட்டுப்பாட்டு அறைத் திரையில் விளிம்பின் கோடு, ஒரு வெடிப்புகூட இல்லாமல், படுத்துக் கிடந்தது. திருப்பிய அளவு அவள் சொன்ன எண்தான். திரைக்கு முன்னால் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா வள்ளியம்மா, மேசையில் இருந்த கட்டுரை அச்சை எடுத்து எழுத்துக் கூட்டினாள். முதல் ஆசிரியர் பெயரைத் தாண்டவில்லை.

“இந்தாளு எப்போடி படிச்சாரு?”

“நான் படிச்சப்பதாம்மா,” என்றாள் குமுதா.