எச்சில் காயாத மண்வாரி

மெக்கானிக்கின் மூன்றாவது மண்வாரி, மனிதர் வாய்க்குள் ஒரு தடவையாவது போய்வந்த உலோகத்தை மட்டும்தான் தோண்டி எடுத்தது. எடுத்ததெல்லாம் எச்சில் காயாமல் வந்தது. தக்காளி விலை இரண்டு தடவை ஏறி ஒரு தடவை இறங்கிய வருஷம் அது. முதலில் வந்தது ஒரு தேக்கரண்டி. எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்ததோ, காம்பு முழுக்கத் துரு. ஆனால் குழிவில் மட்டும், இப்போதுதான் யாரோ நக்கிவிட்டு வைத்ததுபோல வழவழவென்று ஓர் ஈரம்; தொட்டால் நூல்விட்டது. ஏதோ மண்ணின் ஊறல் என்று நினைத்த மெக்கானிக் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவும் சிங்க்கில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வேலை முடிந்து வந்த அவர் மனைவி அதைப் பார்த்தாள். பார்த்தவுடன் அது என்னவென்று தெரிந்துவிட்டது. எச்சிலைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஊரில் அவளுக்குப் பெயர் பினாயிலக்கா. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. காலையில் போனால் பொழுது சாயும்வரை பல் பிடுங்கும் கொறடுகளை வேகவைப்பது, நாற்காலிப் பக்கத்துத் துப்புக்கிண்ணத்தைக் கழுவிவிடுவது, வந்தவர்களிடமெல்லாம் “நல்லா கொப்பளிச்சுத் துப்புங்க” என்று சொல்வது. எந்தப் பெரிய மனுஷரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கடைவாய்தான் அவளுக்கு ஞாபகம் வரும். ஜவுளிக்கடை முதலாளி எதிரே வந்து கும்பிட்டால், மேல்வரிசையில் மூன்று சொத்தை, ஒன்றில் சீழ் என்று மனசுக்குள் ஓடும். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. இத்தனை வருஷம் பார்த்துமா பழகவில்லை என்று கேட்டால், பார்த்துப் பார்த்துத்தான் பழகவில்லை என்பாள். வீட்டில் அவள் டம்ளரை அவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. கணவர் கடித்த பழத்தில் மறுகடி கடித்ததில்லை. நாக்கைத் தொட்டுக் காகிதம் புரட்டுகிறவர்களை அவள் மனுஷ ஜாதியிலேயே சேர்த்ததில்லை.

மெக்கானிக் எதற்காகத் தோண்டினார் என்பது ஊருக்கே தெரியும். அந்த வீட்டுக்குள் மட்டும் அதைப் பேசுவதில்லை. கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு ஒரு மெல்லிசு மோதிரம் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை உண்டானபோது விரல் வீங்கியதால், அது கழன்று ஒரு நூலில் ஏறி அவள் கழுத்துக்குப் போனது. பிறந்த பெண்ணுக்கு வயது ஒன்றுகூட நிரம்பாத ஒரு மத்தியானம், காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி இழுத்தது. வண்டி எதுவும் கிடைக்கவில்லை. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலிருந்த மைதானத்துக்குள் விழுந்தடித்து ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது கழுத்தில் நூல் இல்லை. சாயங்காலம் பிள்ளையும் இல்லை. அன்றைக்கு மோதிரத்தை யார் தேடுவார்கள்? அதற்குப் பிறகும் தேடவில்லை. பாப்பாவின் துணிகளை அந்த வாரமே வேகவைத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. வீடு பளபளவென்று ஆனது. ஒரு குழந்தை அங்கே தவழ்ந்ததற்குப் பொட்டு அடையாளம்கூட மிச்சமில்லை. எங்கேயோ மண்ணுக்குள் கிடந்த மோதிரம் ஒன்றுதான் பாக்கி. பஸ் டிப்போவில் மெக்கானிக் ஓய்வுபெற்ற அன்று, பரிசாக என்ன வேண்டும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். சுவர்க்கடிகாரம் என்பார் என்று எதிர்பார்த்தார்கள். மெட்டல் டிடெக்டர் என்றார். அவர் தேட ஆரம்பித்த நேரம், மைதானம் முழுக்க சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போவதாகப் பலகை நட்டுவிட்டார்கள். சிமெண்டுக்குக் கீழே போய்விட்டால் யானை வாயில் போன கரும்புதான்.

டிடெக்டர் வந்தால் போதாது, தோண்ட ஒன்று வேண்டுமே. முதலில் வீட்டில் கிடந்த பழைய இரும்பு மண்வாரியை எடுத்துப்போனார். பக்கத்தில் ஊன்றிவிட்டுக் கருவியை ஆட்டினார், கருவி கூவியது. தோண்டினார், ஒன்றுமில்லை. மண்வாரியை அந்தப் பக்கம் நட்டார். கருவி அந்தப் பக்கம் கூவியது. தன் மண்வாரியையே தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது, மடக்கிப் பையில் போடுகிற குட்டி. முதல் வேரிலேயே வளைந்து அழகு காட்டியது. மூன்றாவதை இரும்புக்கடையில் வாங்கினார். குறுக்குப்பிடி, காலால் மிதித்து இறக்கத் தோதாக அலகின் மேல்விளிம்பில் மடிப்பு, வேரை அறுக்க ஒரு விளிம்பில் பல். இதுதான் மகராசி என்று தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மகராசி கரண்டியோடு தொடங்கினாள்.

அதற்கப்புறம் வந்ததைச் சொல்ல வாய் கூசுகிறது. பல்லால் கடித்துத் திறந்த பாட்டில் மூடிகள் வந்தன, ஒவ்வொன்றிலும் நுரை. விளையாட்டு வாத்தியாரின் விசில் வந்தது, உதறினால் சொட்டியது. தையல்காரர்கள் உதட்டில் இடுக்கிக்கொள்ளும் குண்டூசிகள், பிள்ளைகள் விழுங்கி வெளியே போன காசுகள் (அவற்றில் எச்சில் மட்டுமா இருந்தது, சீ), உலோகத் தகடு வைத்த ஒரு முழு பல்செட். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருந்தால்கூடத் தேவலை; பூதத்துக்கு எச்சில் துடைக்க வேண்டியதில்லை. மெக்கானிக் எல்லாவற்றையும் கழுவிக் கழுவி வைத்தார், மறுபடி ஊறியது. விஷயம் பரவியதும் ஊர் திரண்டது. வந்தவர்கள் தங்களுடையதை எப்படி அடையாளம் கண்டார்கள் தெரியுமா? வாயில் போட்டுப் பார்த்து! வாசலில் வரிசையாக நின்று, ஆளாளுக்கு எடுத்துச் சப்பி, இல்லை என்று திரும்ப வைத்தார்கள். தன்னுடையது என்று சாதித்துப் பல்செட்டை மாட்டிக்கொண்டு போன ஒருவர், மனைவியை வேறு ஏதோ பெண்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அந்தம்மாள் அதைப் பிடுங்கிவந்து பினாயிலக்காவின் வாசலிலேயே விட்டெறிந்தாள். பினாயிலக்கா வேலிப் பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள்.

“ஏங்க, இந்த வீட்டுல அந்தச் சனியன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“மண்வாரி என்னம்மா பண்ணுச்சு, பாவம்.”

“பாவமாம்ல! ஊரு வாயெல்லாம் என் சிங்க்ல வந்து உக்காந்திருக்கு, இவருக்குப் பாவமாம்!”

மெக்கானிக் வாதாடுகிற ஆள் இல்லை. மறுநாளே அதைக் கடையில் கொடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் பளபளவென்று ஒன்றை மாற்றி வந்தார். அது காய்ந்த, சுத்தமான, யாருக்கும் பிரயோஜனமில்லாத ஆணிகளை எடுத்துக் கொடுத்தது. மைதானத்தின் ஒரு ஓரத்தில் ஜல்லி வந்து இறங்கியது. அவர் தினமும் போய், பாதையை ஒட்டியே தோண்டி, குழியை மூடி, வந்து படுத்தார்.  அவள் சிங்க்கைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள், பல் பிடுங்க வந்த ஒரு பெண் மடியில் கைக்குழந்தையோடு பெஞ்சில் காத்திருந்தாள். குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், ஈறு அரிப்பு. அம்மாவின் கழுத்துச் சங்கிலியை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. மோவாயெல்லாம் ஜொள்ளு, சங்கிலி முழுக்க ஜொள்ளு, அந்தப் பெண்ணின் சட்டை வரைக்கும் ஜொள்ளு. கொறடுகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு போன பினாயிலக்கா வழக்கம்போல நின்று முகம் சுளித்தாள்.

“ஏம்மா, அதை வாயிலேருந்து எடும்மா. எவ்வளவு அழுக்கு இருக்கும் அதுல.”

“எடுத்தா கத்துறாக்கா. எந்நேரமும் இதேதான் வாயில.”

தட்டு கீழே விழுந்தது. டாக்டர் உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். பதில் சொல்ல அங்கே பினாயிலக்கா இல்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். எந்நேரமும் இதேதான் வாயில். பாப்பாவுக்கும் அப்போது கீழே இரண்டு அரிசிப்பல். கழுத்து நூலைப் பிடித்து இழுத்து, மோதிரத்தை ஈறில் வைத்து நறநறவென்று கடிப்பாள். பிடுங்கிக் கழுவினால் வீறிட்டு அழுவாள். ஓடிய அன்றும் பாதி வழிவரை அது பாப்பா வாயில்தான் இருந்தது. இதை எப்படி மறந்தேன், அந்த ஞாபகத்தையும் துணிகளோடு வேகவைத்துத் தொலைத்துவிட்டேனா என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டு போனாள்.

இரும்புக்கடைக்காரர் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று பெயர் வாங்கியவர். திரும்பி வந்த மண்வாரிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, அதே பச்சையில் இருந்த புதியவற்றோடு சுவரில் சாய்த்துவைத்திருந்தார். எது என்று அவருக்கே தெரியவில்லை.

“நாத்தம்னு நீங்கதானேம்மா திருப்பி அனுப்புனீங்க? இப்ப இது மேல என்ன ஆசை?”

“ஆசையெல்லாம் ஒண்ணுமில்ல. பேசாம நில்லுங்க.”

அவர் எங்கே பேசாமல் நின்றார்? பிடி இடுப்புக்கு வரவேண்டும், அலகு கனக்கக் கூடாது, மிதிக்கிற இடம் அகலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். ஊர் வாயையாவது உலைமூடி போட்டு மூடலாம், கடைக்காரர் வாயை முடியாது. பினாயிலக்கா கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள். முதல் பிடியை வெறுங்கையால் பற்றினாள், காய்ந்த மரம். அடுத்ததும் காய்ந்தது. அதற்கடுத்தது பெயிண்ட் வாசனைதான் அடித்தது. சுவர் மூலையில் நின்றதைப் பற்றியபோது உள்ளங்கை வழுக்கியது. வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று, ஊரில் உள்ள அத்தனை வாயும் சேர்ந்து நக்கிய ஒரு பிடி. குமட்டல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, விரல்களை இன்னும் இறுக்கினாள்.

“இதுதான்,” என்றாள்.

மைதானத்தின் பாதி அதற்குள் சிமெண்டாகியிருந்தது. மெக்கானிக் மிச்சப் பாதியில், பாதை ஓரமாகக் கருவியை ஆட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டோடு, தோளில் பச்சை மண்வாரியோடு வருகிறவள் தன் மனைவி என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அங்க இல்லைங்க. நான் பாதையில வரல. கோல்கம்பத்துக்குப் பின்னால அப்ப சுவரு இடிஞ்சிருந்துச்சு. குறுக்கே அது வழியாத்தான் ஓடுனேன்.”

“இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?”

“நீங்க கேக்கல.”

“கேட்டா நீ அழுவியேன்னு கேக்கல.”

“சரி, இப்ப ஆட்டுங்க அதை.”

கோல்கம்பத்துக்குப் பின்னால் கருவி கூவியது. அவர் கை நீட்டினார். அவள் மண்வாரியைக் கொடுக்கவில்லை. தானே மிதித்து இறக்கினாள். முதலில் ஒரு ஊதலின் வாய்த்துண்டு வந்தது, கோழையோடு. சீ என்று எற்றிவிட்டாள். அடுத்து, யாரோ மென்று துப்பிய சாக்லேட் ஈயத்தாள். தூ என்றாள். மூன்றாவது மிதியில் மண்ணோடு ஒரு சின்ன வளையம் மேலே வந்தது. நூல் மக்கிப்போயிருந்தது. மோதிரத்தைச் சுற்றிக் குமிழ் குமிழாக ஈரம், இன்னும் சூடு ஆறாமல். பக்கத்தில் குனிந்த மெக்கானிக்குக்கூடப் பால்வாசனை தெரிந்தது. மெல்லிசுப் பொன்னில் இரண்டு அரிசிப்பல் தடம் பதிந்திருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். துடைக்கத்தான், அவள் வழக்கம் அவருக்குத் தெரியாதா? பினாயிலக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். மண் ஒட்டியிருந்தபடியே மோதிரத்தை எடுத்துத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு, ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்து, வெயில் இறங்கும்வரை அப்படியே இருந்தாள். மெக்கானிக் குழியை மூடி, மண்ணைக் காலால் தட்டிச் சமன்செய்தார்.

இப்போது அங்கே வண்டிகள் நிற்கின்றன. பச்சை மண்வாரி அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அடியில் சொட்டுவதைப் பிடிக்க ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். அதைத் தினமும் கொட்டுவது மெக்கானிக் வேலை. மற்றவர் எச்சிலைக் கண்டால் பினாயிலக்காவுக்கு இன்றைக்கும் குடலைப் புரட்டுகிறது. மோதிரம் புது நூலில் கழுத்தில் கிடக்கிறது, அது காயவேயில்லை. வெள்ளைக் கோட்டில் நெஞ்சுக்கு நேராக எப்போதும் ஓர் ஈரவட்டம் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, கோட்டு நனைஞ்சிருக்குக்கா” என்றாள்.

“தெரியும்மா. அவளுக்குப் பல்லு முளைக்குது,” என்று சொல்லிவிட்டு, கொறடுகளை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.